பாதிரி ஓடைக்காரி

மீன் வளர்க்கிறவர்களைப் போல அருவருப்பான கூட்டத்தை நான் பார்த்ததில்லை. ஜெர்மனியில் வான்ன-ஐக்கல் என்கிற ஊரில் எத்தனையோ வருடமாகப் பீர்க்கடை நடத்துகிறேன். சீட்டாடுகிறவர்கள், புறா வளர்க்கிறவர்கள், கால்பந்துப் பைத்தியங்கள் எல்லாரும் என் பின்னறையில் கூடிக் குடித்து, கத்தி, வாந்தியெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தரையைத் துடைத்ததும் அவர்களை மறந்துவிடலாம். மீன் மன்றத்துக்காரர்கள் துடைத்தாலும் போகாத ரகம். ஈரக் கையோடு கதவுப் பிடியைத் தொடுவார்கள். சட்டைப் பையிலிருந்து புழு டப்பாவை எடுத்து என் மேசைமேல் வைப்பார்கள். டப்பாவைத் திறந்து பக்கத்து ஆளுக்குக் காட்டிவிட்டு, அதே விரலால் உருளைக்கிழங்கு சாலட்டை வழித்துத் தின்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் உட்காரும் முன் கை கழுவுகிறவள் ஒருத்திதான், ரோஸ்வித்தா பன்னெக். அதனால்தான் அவளோடு எனக்குப் பழக்கமே ஏற்பட்டது.

அவள் வேலையைக் கேட்டால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் தட்டை நகர்த்துவார்கள். பாதம் பார்க்கிறவள். வீடு வீடாகப் போய்க் கிழவர்களின் கால்நகங்களை வெட்டுவாள். கொம்பு மாதிரி வளைந்து சதைக்குள் புகுந்த நகம், பூஞ்சை பிடித்து மஞ்சளாகி உதிர்கிற நகம், கல்லாகிப்போன குதிகால் எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் மடியில் வைத்துப் பார்ப்பாள். என் காலும் அவளிடம்தான். ஒருமுறை நான் நகச்சாயம் பூசிக்கொண்டு போய்விட்டேன். அவள் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "கெர்லிண்டே, பூஞ்சைக்குச் சாயம் பூசினா அது சாயம் பூசின பூஞ்சைடி. வேற ஒண்ணுமில்ல" என்றாள். நான் அன்று கோபித்துக்கொண்டேன். ஆனால் அவள் யாரிடமும் இப்படித்தான். எதையும் பூசி மெழுகிச் சொல்லத் தெரியாது.

அவள் வீட்டு நிலவறையில் வரிசையாக மீன்தொட்டிகள். எல்லாவற்றிலும் குள்ளச் சிக்லிட்டு என்கிற மீன்கள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம் இருந்தால் அதிகம். தென் அமெரிக்கக் காட்டு ஓடைகளில், உதிர்ந்த இலைகளுக்குள் வாழ்கிறவை. அதனால் தொட்டியின் அடியில் காய்ந்த இலைகளைப் பரப்பி, ஒரு ஓரத்தில் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து, அதில் வாசல் வெட்டி வைத்திருப்பாள். பெண்மீன் அதற்குள் புகுந்து கூரையில் முட்டை ஒட்டும். எங்கள் ஊர்க் கடையில் தேங்காய் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் மீன்காரர்கள்தான். பருப்பைக் குப்பையில் போட்டுவிட்டுச் சிரட்டையை மட்டும் வைத்துக்கொள்கிற ஜென்மங்கள்.

இந்த மீன்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆண்களைப் பார்த்தால் இது இன்ன இனம் என்று சொல்லிவிடலாம். ஒன்றுக்கு வால் சிவப்பு, ஒன்றுக்கு முதுகுத் துடுப்பு சீப்பு மாதிரி, ஒன்றுக்குக் கன்னத்தில் நீலக் கோடு. பெண்களோ எல்லா இனத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். மங்கலான மஞ்சள் உடம்பு, நடுவில் ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவு. தன் இனத்து ஆண் இல்லாவிட்டால் அடுத்த இனத்து ஆணோடு கூடிவிடும். குஞ்சும் பொரிக்கும், அந்தக் குஞ்சும் குஞ்சு பொரிக்கும். இரண்டு தலைமுறை கழித்து எது யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடிக்க எவனாலும் ஆகாது.

ஆகவே மன்றத்தில் இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. ஒரு தொட்டியில் ஓர் இனம்தான். கைமாறும் ஒவ்வொரு பையிலும் இனத்தின் பெயரோடு, அதன் மூதாதை எந்த ஓடையில் பிடிபட்டதோ அந்த இடத்தின் பெயரும் இருக்க வேண்டும். இடப்பெயர் இல்லாத மீனைத் தெருநாய் என்பார்கள். இடம் தெரியாத மீன் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைச் சேர்க்கமாட்டார்கள். இப்படியெல்லாம் மார்தட்டுவார்கள்.

தப்பிப் பிறந்த கலப்புக் குஞ்சுகளுக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். என் கடையில், கல்லாவுக்குப் பின்னால் ஒரு பெரிய தொட்டி. அதில் தட்டளவு பெரிய, சேற்று நிறத்தில், பிதுங்கிய கண்ணோடு ஒரு கிழட்டு மீன். பெயர் மேயர். எவனுடைய தொட்டியிலாவது கலப்பு நடந்துவிட்டால், அந்த ஈட்டுக் குஞ்சுகள் மொத்தமும் மேயருக்குத்தான். அதை மனுக் கொடுப்பது என்பார்கள். "இன்னைக்கு மேயருக்கு ஒரு மனு இருக்கு கெர்லிண்டே" என்று பையைத் தூக்கிக்கொண்டு வருவான் ஒருவன். மற்றவர்கள் கண்ணாடிக் குவளையை உயர்த்துவார்கள். மேயர் வாயைத் திறப்பார். அந்தத் தொட்டியைக் கழுவுவது நான். அதில் மிதக்கும் சங்கதிகளைப் பற்றி இங்கே எழுதினால் நீங்கள் படிப்பதை நிறுத்திவிடுவீர்கள்.

ரோஸ்வித்தா மேயருக்கு மனுக் கொடுத்ததேயில்லை. அவளிடம் கலப்பு நடந்ததில்லை.

அவளிடம் இருந்தவற்றில் ஒன்று பாதிரி ஓடை மீன். லிஃப்ட் பழுது பார்க்கிற அன்டோன் டிரேசன் என்பவன், விடுமுறைக்கு எல்லாரும் ஸ்பெயின் கடற்கரைக்குப் போகும்போது, தோளில் வலையோடு பிரேசில் காட்டுக்குப் போய்வந்தான். அங்கே எந்தக் காலத்திலோ ஒரு பாதிரியார் குடிசை போட்டிருந்த ஓடையில் இதைப் பிடித்தான். சாம்பல் நீல உடம்பு. வட்டமான, நிறமே இல்லாத வால். சத்தியமாகச் சொல்கிறேன், பார்க்க ஒன்றுமே இல்லாத மீன். ஆனால் அந்த ஓடையைத் தவிர வேறெங்கும் யாரும் அதைக் கண்டதில்லை. டிரேசன் சில ஜோடிகளை ரோஸ்வித்தாவிடம் கொடுத்தான். அவளிடம் கொடுத்தால் சாகாது என்று சொன்னான். சில வருடம் கழித்து மறுபடி போனபோது அங்கே ஓடையே இல்லை. மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் சாலை போட்டு, இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் சோயா நட்டிருந்தார்கள். டிரேசன் திரும்பி வந்து என் கடையில் உட்கார்ந்து குடித்துவிட்டு அழுதான். அடுத்த குளிர்காலம் அவனும் போய்ச் சேர்ந்தான்.

ஆக, பாதிரி ஓடை என்பது பூமியில் இல்லை. வான்ன-ஐக்கலில் பாதம் பார்க்கிற ஒருத்தியின் நிலவறையில் இருந்தது.

அவள் அதைத் தனக்கென்று பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. மன்றத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு, அந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க மாட்டேன். அரிய மீனை நாலு வீட்டுக்குக் கொடுத்து வைப்பார்கள். ஒரு வீட்டில் அழிந்தால் இன்னொரு வீட்டிலிருந்து திருப்பித் தருவார்கள். ரோஸ்வித்தாவும் அப்படியே கொடுத்தாள். ஒருவன் விடுமுறைக்குப் போனபோது பட்டினி போட்டுக் கொன்றான். ஒருவன் புதுப் பெண்டாட்டிக்கு மீன் வாடை பிடிக்காது என்று தொட்டியோடு விற்றான். மிச்சம் ஒரே ஒரு வீடு, ஹார்ட்முட் லோமன் வீடு.

லோமன் தரை ஓடு விற்கிறவன். மன்றத் தலைவனும் அவன்தான். பளபளக்கும் தலை, பெரிய சிரிப்பு, பேசும்போது நம் முதுகில் கை வைக்கிற பழக்கம். அவன் கை பட்ட இடத்தை எனக்குக் கழுவ வேண்டும்போல் இருக்கும். ஆண்டுதோறும் நடக்கும் கண்காட்சியில் கோப்பை வாங்குவதுதான் அவனுக்கு மீன் வளர்ப்பு. கோப்பைகளை என் பின்னறை அலமாரியில்தான் அடுக்கியிருந்தான். தூசி தட்டுகிறவள் நான்.

விபத்து ரோஸ்வித்தா வீட்டில் ஒரு சனிக்கிழமை நடந்தது. பாதிரி ஓடைப் பெண்கள் ஓயாமல் முட்டை போட்டு இளைக்கக்கூடாது என்று ஆணையும் பெண்ணையும் தனித்தனித் தொட்டியில் வைத்திருந்தாள். ஆண்கள் இருந்த தொட்டியில் சூடேற்றி நிற்காமல் எரிந்துவிட்டது. தண்ணீர் வெந்நீராகிவிட்டது. அவள் வேலை முடித்து வந்து நிலவறைக் கதவைத் திறந்தபோது மீன் சூப் வாடை அடித்ததாம். அதைச் சொன்ன நாளிலிருந்து என் கடையில் மீன் சூப் கிடையாது. ஆண் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பெண்கள் மட்டும் அடுத்த தொட்டியில் ஒன்றும் தெரியாமல் மேய்ந்துகொண்டிருந்தன.

அவள் பதறவில்லை. லோமனைக் கேட்டாள். அவனும் உடனே ஒரு பையில், பார்வைக்கு அச்சு அசல் அதே மாதிரி இருந்த ஆண்களைக் கொண்டுவந்து கொடுத்தான். பையில் பாதிரி ஓடை என்று எழுதியிருந்தது. "உன் வீட்டுப் பையனுங்கதான் ரோஸி, உனக்கே திருப்பித் தர்றேன்" என்று எல்லார் முன்னிலும் அவள் முதுகில் தட்டினான். எல்லாரும் கைதட்டினார்கள். நான்கூட அன்று அவனை ஒரு மனுஷன் என்று நினைத்துத் தொலைத்தேன்.

குஞ்சுகள் பொரிந்தன, வளர்ந்தன. ஆண்களுக்கு நிறம் வர ஆரம்பித்தபோது ரோஸ்வித்தா ஒருநாள் மாலை வாடிக்கைக்கு மாறாகக் கடை திறந்தவுடன் வந்தாள். கை கழுவவில்லை. பீர் கேட்கவில்லை. சில குஞ்சுகளுக்கு வால் ஓரத்தில் மேலும் கீழும் மெல்லிய சிவப்பு இழை ஓடுகிறது என்றாள். நான் அதனால் என்ன, அழகுதானே என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் உள்ளே போய்க் குவளை துடைக்க ஆரம்பித்தேன்.

லோமன் வந்து உட்கார்ந்து, பச்சைப் பன்றிக்கறிக் கொத்தலும் வெங்காயமும் வைத்த ரொட்டியைக் கடிக்கும்போது அவள் அவன் எதிரில் போய் நின்றாள்.

"ஹார்ட்முட், நீ குடுத்த பையனுங்களோட அம்மா யாரு?"

அவன் வாய் நிறையக் கறியோடு சிரித்தான். "அப்பன் உன்னோட பாதிரி ஓடைதான், சத்தியமா."

"அப்பனைக் கேக்கல."

"என்கிட்ட இருந்த பொண்ணுங்க செத்துப் போச்சு ரோஸி. ஆண் ஒண்டியா கெடந்துச்சு, பாவமா இருந்துச்சு. செவப்பு வாலு தொட்டில பொண்ணுங்க சும்மாத்தான் திரிஞ்சுது. ரெண்டைத் தூக்கி விட்டேன். பொண்ணுங்க எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, எவன் பாக்கப் போறான்?"

"நான் பாத்தேன்."

"பாத்தியா? நல்லாத்தானே இருக்கு? உன் மீனு வெறும் சாம்பல். இப்பத்தான் அதுக்கு ஒரு களையே வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு ரொட்டியின் அடுத்த கடிக்குப் போனான். மீசையில் ஒட்டியிருந்த பச்சைக் கறித் துணுக்கை நாக்கால் துழாவி எடுத்தான். நான் பல அசிங்கங்களைப் பார்த்தவள். அதுபோல ஒன்றைப் பார்த்ததில்லை.

திருடன் என்றாலாவது ஒரு மரியாதை உண்டு, திருடுகிறோம் என்று தெரிந்து திருடுகிறான். இவனுக்குத் தான் ஏதோ செய்துவிட்டோம் என்பதே உறைக்கவில்லை. தலைவன் என்று கட்டுப்பாடுகளைக் கூட்டந்தோறும் உரக்கப் படிக்கிறவன் இவன். பையில் பொய்யாக இடப்பெயரை எழுதியதும் இவன்தான்.

மறுநாள் மாலை ரோஸ்வித்தா ஒரு வாளியோடு வந்தாள். அந்த ஈட்டுக் குஞ்சுகள் மொத்தமும், லோமன் கொடுத்த ஆண்களும் அதில் இருந்தன. முதன்முறையாக மேயருக்கு மனுக் கொடுக்க வந்திருக்கிறாள். மன்றத்துக்காரர்கள் வழக்கம்போல் குவளையைத் தூக்கவில்லை, அவளைச் சூழ்ந்துகொண்டு புத்தி சொன்னார்கள். சிவப்பு இழை தெரிகிறவற்றை மட்டும் கொல், மற்றவை அச்சு அசல் பாதிரி ஓடை மாதிரியே இருக்கின்றன என்றான் ஒருவன். எதுவுமே இல்லாததற்கு முக்கால் பங்கு இருப்பது மேல் என்றான் இன்னொருவன். பெண்களுக்கு வயதாகிவிட்டது, இதை விட்டால் கதை முடிந்தது என்றான் மூன்றாமவன். எல்லாம் உண்மைதான். இழை தெரியாத குஞ்சுக்குள்ளும் சிவப்பு வால் ஒளிந்திருக்கிறது என்பதும் உண்மை, அது அவர்கள் எல்லாருக்கும் தெரியும். லோமன் மட்டும் தன் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் மூடியைத் திறந்து வாளியைச் சாய்த்தாள். மேயர் அன்று இருந்த வேகத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அவள் கடைசி வரை நின்று பார்த்துவிட்டு, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் அவள் ஊர் ஊராகக் கேட்டுப் பார்த்தாள். டச்சுக்காரர்களைக் கேட்டாள், செக் நாட்டு வளர்ப்பாளர்களைக் கேட்டாள், டிரேசனின் தங்கையைக்கூடத் தேடிப் பிடித்துக் கேட்டாள். பாதிரி ஓடை ஆண் எங்கும் இல்லை. பெண்கள் ஒவ்வொன்றாகக் கிழடு தட்டிச் செத்தன. கடைசியில் ஒன்று மிஞ்சியது.

அந்த ஒற்றைப் பெண் செய்த காரியத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆணில்லாமலே ஒருநாள் சிரட்டைக்குள் முட்டை போட்டது. முட்டைகளில் பூஞ்சை படர்ந்து பஞ்சாகிவிட்டது. அப்போதும் அது எலுமிச்சை மஞ்சளும் கறுப்புமாக நிறம் மாறி, குஞ்சு வைத்திருக்கிற தாயின் கோலத்தில் வெளியே வந்தது. தீனிக்காக ரோஸ்வித்தா தொட்டியில் விட்டிருந்த நீர்த்தெள்ளுகள் அங்கே கூட்டமாகத் தத்திக்கொண்டிருந்தன. கடுகை விடச் சின்னப் பூச்சிகள். அந்த மீன் அவற்றைத் தின்னவில்லை. சுற்றிச் சுற்றி வந்து ஒன்றுசேர்த்து, தலையால் மெல்லத் தள்ளி, குஞ்சுகளை மேய்ப்பது மாதிரி மேய்த்துக்கொண்டு போனது. கண்ணாடிக்குப் பக்கத்தில் நான் விரலைக் கொண்டுபோனபோது சீறிக்கொண்டு வந்து முட்டியது.

துணையில்லாத பெண்கள் சிலது இப்படிச் செய்யும் என்றாள் ரோஸ்வித்தா. குரலில் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் அந்த மீனுக்குச் சின்னப் புழுக்களைத் தனியாகப் போட ஆரம்பித்தாள்.

அந்த இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அவள் வீட்டுச் சமையலறையில் இரண்டு காலையும் வெந்நீர்த் தொட்டியில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஓர் இளம் தம்பதி. வீப்கே, ஹென்னிங் என்று பெயர் சொன்னார்கள். பாடர்போர்னிலிருந்து காரில் வந்திருந்தார்கள். ஹென்னிங் கையில் தெர்மாகோல் பெட்டி. இருவர் முகத்திலும் பிறந்தநாள் பரிசு கொண்டுவந்தவர்களின் வெளிச்சம்.

ரோஸ்வித்தா காபி போட்டாள், கேக் வெட்டி வைத்தாள். வீப்கேக்குப் பொறுக்கவில்லை, கேக்கைத் தொடும் முன்பே சொல்லிவிட்டாள்.

"பன்னெக் அம்மா, உங்க பாதிரி ஓடை மீனு அழிஞ்சு போச்சுன்னு கேள்விப்பட்டோம். எங்ககிட்ட நல்லாப் பெருகியிருக்கு. அதான் உங்களுக்கு ஒரு ஜோடி திருப்பிக் கொண்டாந்தோம். வழக்கம் அதுதானே?"

பெட்டியைத் திறந்து பையை மேசைமேல் வைத்தாள். ஆண் மீன் வெளிச்சத்தில் திரும்பியது. சாம்பல் நீல உடம்பு, வாலின் இரண்டு ஓரத்திலும் சிவப்பு. நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அத்தனை அழகு. நான் கால் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோஸ்வித்தா பையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டாள். கேட்க வேண்டியதே இல்லை.

"லோமன் ஐயாகிட்ட. பன்னெக் கைப்பட வளர்த்த வம்சம், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்னு சொன்னாரு. உங்க பேரைச் சொன்னப்புறம் நாங்க வேற எதுவும் கேக்கல" என்றான் ஹென்னிங்.

சீ என்று எனக்கு வாய்வரை வந்தது. அவளிடமிருந்த ஓடையைக் கெடுத்தான். அது போதாதென்று அவள் பெயரையே எடுத்து அந்த மீனின் கழுத்தில் கட்டி விற்றிருக்கிறான். இந்த ஊரில் மீனைப் பற்றி ஒருத்தி சொன்னால் நம்பலாம் என்று இருந்த ஒரே பெயர் அது.

ரோஸ்வித்தா யாரையும் திட்டவில்லை. இரண்டு பேரையும் உட்கார வைத்து, என்ன நடந்ததென்று முதலிலிருந்து சொன்னாள். சூடேற்றியை, லோமன் கொடுத்த பையை, வால் இழையை, மேயரை. மெழுகாமல்தான் சொன்னாள், ஆனால் அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை. வீப்கே கேக் தட்டைக் கீழே வைத்தாள். கஸ்ஸலிலும் கெம்னிட்ஸிலும் இருக்கிற நண்பர்களுக்கு இதே மீனைக் கொடுத்துவிட்டோம், அவர்களும் அடுத்தவர்களுக்குக் கொடுத்திருப்பார்கள் என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

பிறகு அவர்கள் அந்தப் பெண்மீனைப் பார்க்க வேண்டுமென்று கேட்டார்கள். நான் ஈரக் காலில் துண்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் இறங்கினேன். அது மஞ்சளும் கறுப்புமாக, நீர்த்தெள்ளுக் கூட்டத்தைச் சிரட்டை வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. ஒன்று பிரிந்து ஓடினால் திரும்பி வந்து அதைக் கூட்டத்தில் சேர்த்தது. நாலு பேரும் கண்ணாடி முன் நின்றோம்.

ஹென்னிங்தான் வாயைத் திறந்தான். "அவ இன்னும் முட்டை போடுவா போல இருக்கே. இந்த ஆணை ஒரு தடவை விட்டுப் பாத்தா என்ன? அவளோட ரத்தம் கொஞ்சமாச்சும் மிஞ்சுமே. இந்தத் தவிப்பைப் பாத்தா உங்களுக்கு மனசு வரலையா?"

பை ரோஸ்வித்தாவின் கையில்தான் இருந்தது. தொட்டியின் மூடி அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அவள் அந்த மீனைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். விட்டுவிடுவாள் என்றே நான் நினைத்தேன். விட்டுத் தொலை என்று சொல்லியும் இருப்பேன், அந்த மீன் அந்தப் பூச்சிகளைக் கட்டிக்கொண்டு அலைகிற அலைச்சலை என்னால் பார்க்க முடியவில்லை.

"கொஞ்சம் மிஞ்சுனா, அதுக்கு நீங்க முழுப் பேரையும் வச்சுருவீங்க தம்பி" என்றாள். "கெட்ட எண்ணத்துல இல்ல, பாசத்துலதான். அப்புறம் பாதிரி ஓடையில என்ன மீனு இருந்துச்சுன்னு எவனாவது கேட்டா, லோமனோட மீனைக் காட்டுவாங்க. அந்த ஓடைய மண்ணைப் போட்டு மூடுனாங்க. அது ஒரு தடவை செத்தது. நானும் சேந்து அதை ரெண்டாவது தடவை கொல்ல மாட்டேன்."

"அப்ப இவளோட முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. அதை ஒத்துக்கிறதுக்கு எனக்கு மட்டும் இனிக்குதா?"

மேலே வந்ததும் பையை மேசைமேல் வைத்து, மேசை இழுப்பறையிலிருந்து பேனாவை எடுத்தாள். பையில் ஒட்டியிருந்த சீட்டில் பாதிரி ஓடை என்பதைக் கோடு போட்டு அடித்தாள். இடப்பெயர் இல்லாமல் மீனை அனுப்ப அவளுக்குக் கை வராது. அதற்குக் கீழே எழுதினாள், அச்செழுத்து மாதிரி நிதானமாக: 'சிவப்பு வால் கலப்பு. பிடிபட்ட இடம்: லோமன் வீட்டு நிலவறை, வான்ன-ஐக்கல்.'

"இதை வச்சுக்கோங்க. கொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன், உங்களுக்கு மனசு வராது. ஆனா உண்மையான ஊரை எழுதுங்க. உங்ககிட்ட வாங்குனவங்ககிட்டயும் சொல்லுங்க" என்று பையை வீப்கே கையில் கொடுத்தாள். மிச்சக் கேக்கையும் கட்டிக் கொடுத்தனுப்பினாள். பிறகு வந்து உட்கார்ந்து என் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து நகத்தை வெட்டினாள்.

அந்தப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், சொன்னபடி செய்தார்கள். அடுத்த மீன் சந்தையில், பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசையாக மேசை போட்டு அவரவர் மீனை வைத்திருந்தபோது, நாலைந்து மேசைகளில் அந்தச் சீட்டு தென்பட்டது. கஸ்ஸல்காரன் எழுதியிருந்தான், கெம்னிட்ஸ்காரி எழுதியிருந்தாள். லோமன் வீட்டு நிலவறை, லோமன் வீட்டு நிலவறை. நான் தொத்திறைச்சி விற்கப் போயிருந்தேன், அவன் முகத்தைப் பார்ப்பதற்காக அடுப்பை அணைத்துவிட்டுப் போய் நின்றேன். முதல் சீட்டைப் படித்ததும் கழுத்துவரை சிவந்தான். மன்றத்துக்காரர்கள் அவனைப் பார்க்காமல் தொட்டிகளுக்குள் குனிந்துகொண்டார்கள்.

எனக்கு அதோடு முடிந்திருந்தால் திருப்தி. ஆனால் மதியத்துக்குள் அந்த மீன் எல்லா மேசையிலும் தீர்ந்துபோனது. அழகான மீன் இல்லையா, புது ஊர்ப் பெயர் வேறு. பெல்ஜியத்துக்காரன் ஒருவன் அந்த நிலவறை எந்த ஆற்றின் பக்கம் இருக்கிறது என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனான். சாயங்காலம் லோமன் என் கடைக்கு வந்தபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வந்தான். தன் பெயரில் ஒரு மீன் இருக்கிறதாம். எல்லாருக்கும் தன் கணக்கில் ஒரு சுற்று பீர் ஊற்றச் சொன்னான். அவனுக்கு மட்டும் நான் ஊற்றவில்லை, இன்றுவரை ஊற்றுவதில்லை. அவன் பரிசுக் கோப்பைகளைக் காலிப் பெட்டியில் போட்டு வாசலில் வைத்தேன். மற்றவர்களுக்கு ஊற்றினேன், அவர்களும் குடித்தார்கள். கடை நடத்த வேண்டுமே.

அந்தச் சந்தைக்குப் பிறகு பாதிரி ஓடை என்ற பெயரில் ஒரு மீனும் எந்த மேசைக்கும் வரவில்லை. யாராவது எழுதினால், இரண்டு பேராவது உடனே ரோஸ்வித்தாவைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். இல்லை என்கிறாள்.

அந்தப் பெண்மீன் வசந்தகாலம்வரை இருந்தது. ஒரு காலை சிரட்டை வாசலில், நிறமெல்லாம் போய் வெளிறிக் கிடந்தது. ரோஸ்வித்தா அதை மேயரிடம் கொண்டுவரவில்லை, பின்கட்டில் புதைத்தாள். நான் அந்த வாரம் கால் காட்டப் போனபோது நிலவறைக்குப் போய்ப் பார்த்தேன். தொட்டி அப்படியே இருந்தது. இலைகள், சிரட்டை, முகப்பில் பாதிரி ஓடை என்ற சீட்டு. தண்ணீர் நிறைய நீர்த்தெள்ளுகள் தத்திக்கொண்டிருந்தன. பக்கத்துத் தொட்டிகளில் மற்ற மீன்கள் தீனிக்காகக் கண்ணாடியை முட்டின. அவள் ஒரு ஸ்பூன் ஈஸ்ட்டைத் தண்ணீரில் கரைத்து எடுத்துக்கொண்டு வந்து, அந்தப் பூச்சிகளுக்குத் தீனியாக ஊற்றினாள். இவற்றை எடுத்து மற்ற மீன்களுக்குப் போடக்கூடாதா என்று கேட்டேன்.

"அதுங்களுக்குக் கடையில வாங்கிப் போடுறேன்" என்றாள்.